உப்புத் தரையில் சங்குப்பூக் கொடி

கொச்சி நகரின் இடக்கொச்சியில் ஒரு சங்குப்பூக் கொடி காய்ந்துபோனால், பூச்சியையோ உரக்குறைவையோ தேடுவதற்கு முன், அதன் வேர் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைக்கும்.

இந்த ஊரின் ஒரு பக்கம் வேம்பநாட்டுக் காயல். வீடுகளுக்கு நடுவே ஓடும் தோடுகள் என்னும் சிறு கால்வாய்களும் காயலோடு சேர்ந்தவைதான். தரை நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் காயலின் உப்பைத் தள்ளிவிடும். மழை ஓய்ந்ததும் கடல்நீர் முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறும். கார்த்திகை, மார்கழி தொடங்கி அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வேலியேற்றம் (கடல் ஓதம்) முற்றத்துக்கே வந்துவிடுவதை இங்கே வசிப்பவர்கள் நன்கு அறிவார்கள். ஏறிய தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆனால் அது கொண்டுவந்த உப்பு மண்ணிலேயே தங்கிவிடும்.

எனவே இந்த அத்தியாயத்தின் முதல் விதி: வேரை நாம் உயர்த்த வேண்டும், கொடி தானே உயர்ந்துகொள்ளும். மற்ற விதிகள் எல்லாம் இதற்கு அடுத்தவை.

ஏன் சங்குப்பூ?

காயலோர வீட்டுக்கு ஒரே ஒரு பூங்கொடி போதும் என்றால் தயங்காமல் சங்குப்பூவைத் தேர்ந்தெடுங்கள். இது பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் உரத்துக்குப் பெரிதாகச் செலவில்லை. விதை போட்டு 6 முதல் 8 வாரங்களில் பூக்கத் தொடங்கிவிடும். 10 முதல் 15 அடி வரை படரும். தண்டு மெல்லியது என்பதால் சுவரைப் பெயர்க்காது, ஓட்டைத் தூக்காது. வறட்சியை நன்றாகவும் உப்பை ஓரளவும் தாங்கும். நாள்கணக்கில் வேரில் தேங்கும் நீரை மட்டும் தாங்காது.

நீலம், வெள்ளை, வெளிர் ஊதா ஆகிய நிறங்களில் ஒற்றை இதழ் வகையும் அடுக்கு வகையும் உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் பூக்களில் நீலத்தைக் கருவிளை என்றும் வெள்ளையைச் செருவிளை என்றும் தனித்தனியாகவே குறிப்பிடுகிறார். இன்று விதைப் பொட்டலங்களில் ‘கிளிட்டோரியா டெர்நேட்டியா’ என்ற அறிவியல் பெயர் அச்சிட்டிருந்தால் அதுவும் இதே கொடிதான்.

இந்தக் கரைக்கு இது பழைய கொடி. டச்சுக்காரர்களின் கொச்சியில் ஆளுநராக இருந்த ஹென்றிக் வான் ரீடே, மலபார்க் கரையின் செடிகொடிகளைப் படங்களோடு தொகுக்கச் செய்தார். அந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. எட்டாம் தொகுதியில் சங்குப்பூவின் படம் இருக்கிறது. அந்த நூலுக்கு மருத்துவ அறிவைத் தந்தவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன். அவருடைய ஊரான கடக்கரப்பள்ளி, அரூர்ப் பாலம் தாண்டித் தெற்கே போனால் சேர்த்தலைப் பக்கம், இதே மணற்கரையில் இருக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வெயிலும் மழையும் இந்தக் கொடிக்கு ஒத்துப்போயிருக்கின்றன. நாம் கவனிக்க வேண்டியது தரையின் உயரத்தையும் உப்பையும்தான்.

பொக்காளி வயல் கற்றுத்தரும் கணக்கு

உப்பு மண்ணில் பயிர் செய்யும் கலையை இந்த வட்டாரத்தில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எறணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் கரையோர வயல்களில் பொக்காளி நெல் இன்றும் விளைகிறது. மழைமாதங்களில் நெல், உப்பேறும் மாதங்களில் இறால் என்று ஒரே வயல் இரண்டு வேலை செய்கிறது. வைற்றிலாவில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இந்த நிலங்களுக்கென்றே ரகங்களை உருவாக்கித் தந்திருக்கிறது.

பொக்காளி விவசாயி கோடையில் வயல்நீரை வடித்து, சேற்றைச் சிறுசிறு கூம்புகளாகக் குவித்துக் காயவிடுகிறார். முதல் மழைகள் அந்தக் கூம்புகளின் உப்பைக் கரைத்துக் கீழே இறக்குகின்றன. உப்பு இறங்கிய பிறகே முளைகட்டிய விதை கூம்பின் தலையில் விழுகிறது. நாற்று எழும்பியதும் கூம்பை வெட்டி வயலெங்கும் பரப்புகிறார்கள்.

இதில் மூன்று பாடங்கள் உள்ளன: மண்ணை உயர்த்த வேண்டும், மழையைக் கொண்டே உப்பைக் கழுவ வேண்டும், கழுவிய பிறகே விதைக்க வேண்டும். வீட்டு முற்றத்துக் கொடிக்கும் இதே வரிசைதான். சித்திரையில் ஆசையோடு தரையில் குழி தோண்டி நடுகிறவர்கள் ஆண்டின் மிக உப்பான மண்ணில் பிஞ்சு வேரை இறக்குகிறார்கள்.

மேடு கட்டும் முறை

1. இடம்: நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். காலை வெயில் விழும் கிழக்குச் சுவர் மிகவும் நல்லது. கடற்காற்று தடையின்றி அடிக்கும் மேற்கு ஓரத்தில் இலை நுனி கருகும். ஓட்டுக் கூரையின் மழைநீர் நேராகக் கொட்டும் கோட்டிலிருந்து 2 அடி தள்ளியே மேடு இருக்கட்டும்.

2. உயரம்: சென்ற ஆண்டு வேலியேற்றத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைச் சுவரிலுள்ள கறை காட்டும். அந்தக் கறைக்கு மேல் குறைந்தது ஒன்றரை அடி உயரத்தில் மேட்டின் தலை இருக்க வேண்டும். தண்ணீரே ஏறாத முற்றமானாலும் 1 அடி மேடு கட்டுங்கள். இந்தத் தரையில் நிலத்தடி நீரும் ஆழத்தில் இல்லை.

3. அடித்தளம்: உடைந்த ஓடு, செங்கல் சில்லு ஆகியவற்றை 3 அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். இதை விட்டுவிடாதீர்கள். ஈரம் மண்துகள்களுக்கு இடையே உள்ள நுண்ணிய வழிகளில் கீழிருந்து மேலே ஏறும். வெயில் அடிக்க அடிக்க நீர் ஆவியாகி, அது தூக்கிவந்த உப்பு மட்டும் மேலே படியும். பெரிய இடைவெளிகள் கொண்ட ஓட்டுச்சில்லு அடுக்கில் அந்த ஏற்றம் அறுந்துபோகும்.

4. கரை: சுற்றிலும் வெட்டுக்கல்லையோ தேங்காய் மட்டையையோ அடுக்குங்கள். காயலில் ஊறிய மட்டை வேண்டாம், அதில் உப்பு இருக்கும்.

5. மண்: இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்றுமணல் அல்லது எம்-சாண்ட். அடிப்பகுதி 3 அடி அகலமும் தலை ஒன்றரை அடி அகலமும் இருந்தால் மண் சரியாது. இங்குள்ள மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. ஆகவே ஒரு மேட்டுக்கு 150 கிராம் நீற்றிய சுண்ணாம்பைக் கலந்துவிடுங்கள். வேம்பநாட்டுக் காயலின் கக்காச் சிப்பியை நீற்றிய சுண்ணாம்பு கிடைத்தால் அதுவே நன்று.

6. கழுவுதல்: சித்திரை பாதியில் மேடு கட்டி, வைகாசி மழைக்கும் ஆனி முதல் வார மழைக்கும் திறந்தே விடுங்கள். இந்த நாட்களில் தொழுவுரம் எதுவும் போட வேண்டாம். உப்பைக் கரைக்கும் மழை உரச்சத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடும். நடுவதற்கு முதல் நாள் தலையில் 1 அடிக் குழி எடுத்து, இரண்டு சட்டி மக்கிய சாணம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, ஒரு கைப்பிடி எலும்புத்தூள் கலந்து மூடுங்கள்.

ஒரு மேட்டில் இரண்டு கன்றுகள் போதும்.

மட்டாஞ்சேரிச் சந்து வீடுகளுக்கு

மட்டாஞ்சேரியின் ஒட்டுச்சுவர் வீடுகளிலும், தோப்பும்படி, பள்ளுருத்தி அடுக்ககங்களிலும் மேடு கட்ட முற்றம் இருக்காது. அங்கே 20 லிட்டர் பெயிண்ட் வாளி அல்லது அதே அளவுள்ள குரோ பேக் போதும். அடியில் ஆறு துளைகளும், பக்கவாட்டில் அடியிலிருந்து 1 அங்குல உயரத்தில் நான்கு துளைகளும் போடுங்கள். வாளியைத் தரையில் வைக்காமல் மூன்று செங்கல் மேல் நிறுத்துங்கள். வாசலில் வேலியேற்றம் வரும் வீடானால் திண்ணை மேல் ஏற்றுங்கள்.

மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய சாணம் மூன்றும் சம பங்கு. இதில் தென்னைநார்க் கழிவைக் கவனியுங்கள். மட்டையைக் காயலில் ஊறவைத்து நார் எடுத்த இடத்துக் கழிவில் உப்பு நிறையத் தங்கியிருக்கும். வாங்கியதும் வாளி நீரில் ஊறவைத்துப் பிழிந்து அந்த நீரைக் கொட்டுங்கள். குறைந்தது மூன்று முறை இப்படிச் செய்ய வேண்டும். குடிநீரைச் சோதிக்கும் சிறிய டி.டி.எஸ். மீட்டர் கையில் இருந்தால், பிழிந்த நீரின் அளவு குழாய் நீரின் அளவை நெருங்கும் வரை கழுவுங்கள்.

விதையும் நாற்றும்

சங்குப்பூ விதையின் தோல் கெட்டியானது. அப்படியே புதைத்தால் சில நான்கு நாளில் முளைக்கும், சில நான்கு வாரம் கிடக்கும். ஒவ்வொரு விதையின் முதுகிலும் உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேயுங்கள். முளை இருக்கும் வெண்தழும்புப் பக்கத்தைத் தொட வேண்டாம். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை மட்டும் எடுத்து விதையுங்கள். உப்பாதவற்றை மறுபடி தேய்த்து ஊறப்போடுங்கள்.

வைகாசி முதல் வாரத்தில் சிறு கோப்பைகளில், அரை அங்குல ஆழத்தில், கோப்பைக்கு ஒரு விதையாக ஊன்றுங்கள். நல்ல விதை 5 முதல் 10 நாளில் முளைக்கும். கோப்பைகள் தாழ்வாரத்தில், வெயில் படும்படியும் மழை அடிக்காதபடியும் இருக்க வேண்டும். கொச்சிப் பகுதியில் ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு தென்மேற்குப் பருவமழை மாதங்களிலேயே கொட்டிவிடும். திறந்த இடத்து நாற்று அந்த அடியில் சாய்ந்து, கழுத்தழுகல் வந்து போய்விடும்.

பயறுச் செடிகளின் வேர் இடமாற்றத்தை விரும்பாது. ஆறு இலை வந்ததும், அதாவது ஆனி பாதியில், கோப்பையைக் கிழித்து மண்கட்டி உடையாமல் மேட்டில் இறக்குங்கள். மாலையில், மழை விட்ட நேரத்தில் நடுவது நல்லது. நட்டதும் உலர்ந்த சருகால் மேட்டுத் தலையை மூடுங்கள். சருகு மழைத்துளியின் அடியைத் தாங்கும். கோடையில் ஆவியாதலைக் குறைத்து, உப்பு மேலே ஏறுவதையும் தடுக்கும்.

ஏறும் வழி

சங்குப்பூவுக்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டே எதையாவது சுற்றிக்கொண்டுதான் ஏறும். ஆகவே பெருவிரல் கனத்துக்கு மேற்பட்ட கம்பமோ வழுவழுப்பான குழாயோ அதற்குப் பயன்படாது. தூண் இருந்தால் அதைச் சுற்றிக் கயிறு கட்டிக் கொடுங்கள்.

இரும்புக் கம்பி இந்த உப்புக்காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். தேங்காய்நார்க் கயிறு ஓராண்டு தாங்கும், நைலான் கயிறு பல ஆண்டு. மீனவர் வீடுகளில் கழித்துப்போட்ட வலை கிடைத்தால் அருமையான படர்தட்டி ஆகும். அதில் கைவிரல்கள் நான்கும் நுழையும் பெரிய கண் வலையை மட்டும் எடுத்து, முறுக்காக இழுத்துக் கட்டுங்கள். தளர்ந்து தொங்கும் சிறுகண் வலையில் குருவியும் ஓணானும் சிக்கி இறக்கும். எடுத்த வலையை ஒரு நாள் முழுக்க நன்னீரில் ஊறவைத்து உப்புப் போக அலச வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தட்டியைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிக் கட்டுங்கள். கொடிக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லையென்றால் மழைமாதங்களில் இலைகள் காயவே காயா, பூஞ்சை பிடிக்கும்.

கொடி 1 அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். ஒற்றைத் தண்டு மூன்று நான்காகப் பிரியும். ஒவ்வொரு கிளையும் 2 அடி வளர்ந்ததும் மறுபடி ஒரு கிள்ளு. பூ இலைக்கணுவில்தான் வருகிறது, அதனால் கிளை பெருகினால் பூவும் பெருகும்.

உணவும் நீரும்

தழைச்சத்து உரம், முக்கியமாக யூரியா, இதற்கு வேண்டாம். கொடி தானே தயாரித்துக்கொள்ளும் சத்தைப் புறத்திலிருந்தும் கொடுத்தால் இலை அடர்ந்து பூ குறையும். மாதம் ஒருமுறை ஒரு சட்டி மண்புழு உரம், அதோடு பூக்கும் காலத்தில் ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல். இவ்வளவே. அடுப்பங்கரைக் கழிவிலிருந்து மக்கு உரம் செய்பவர்கள் மீன் கழுவிய நீர், ஊறுகாய், கருவாடு ஆகிய உப்புப் பொருட்களைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

மழைமாதங்களில் நீர் ஊற்ற வேண்டியதில்லை, வடிவதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தை முதல் வைகாசி வரை மேட்டுக் கொடிக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை 5 லிட்டரும், வாளிக் கொடிக்கு நாள்தோறும் ஒன்றரை லிட்டரும் தேவைப்படும். அந்த மாதங்களில் கிணற்றுநீரை நம்ப வேண்டாம். மழையில் இனித்த கிணறு மாசியில் கரிக்கலாம். டி.டி.எஸ். மீட்டரில் 500க்குக் கீழ் காட்டினால் தாராளமாக ஊற்றலாம். 1,000ஐத் தாண்டினால் குழாய் நீரோ சேமித்த மழைநீரோதான் நல்லது. கூரைநீரை ஒரு 500 லிட்டர் டிரம்மில் துலாம் மழையின்போது, அதாவது ஐப்பசி கார்த்திகையில், பிடித்து மூடி வைத்தால் வாளிக் கொடிகளுக்கு அது பெரும் துணை.

உப்பான மண்ணில் அடிக்கடி சிறிதளவு தெளிப்பது தவறான பழக்கம். நீர் மேலே மட்டும் நனைத்து ஆவியாகி, உப்பை அங்கேயே விட்டுவிடும். ஊற்றும்போது அடிவரை இறங்கும்படி ஊற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாளியின் அடித்துளை வழியே நீர் நன்றாக ஓடும் வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

வேலியேற்றம் வந்துபோன பிறகு

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏதாவது ஓர் ஆண்டு தண்ணீர் மேட்டைத் தொட்டுவிடும். அப்போது செய்ய வேண்டியவை:

அன்றே, நீர் வடிந்தவுடன், மேட்டுத் தலையில் நன்னீர் 20 லிட்டர் மெதுவாக ஊற்றுங்கள். மறுநாளும் மூன்றாம் நாளும் இதையே செய்யுங்கள். தண்டிலும் இலையிலும் பட்ட உப்புநீரையும் தெளித்துக் கழுவுங்கள்.

நனைந்த சருகை அள்ளி அப்புறப்படுத்திப் புதிய சருகு போடுங்கள். மண் காயும்போது மேலே வெண்பூச்சாக உப்புப் பூத்தால் அரை அங்குல மண்ணைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு எந்த உரமும் கொடுக்காதீர்கள். வாடிய கொடியைப் பார்த்தவுடன் உரம் போடத்தான் கை பரபரக்கும். ஆனால் உரமும் ஒருவகை உப்புதான், ஏற்கெனவே நீரை உறிஞ்சத் திணறும் வேருக்கு அது மேலும் பாரம்.

இலை நுனியும் ஓரமும் மட்டும் கருகினால் கொடி பிழைத்துக்கொள்ளும். கருகிய கிளைகளை வெட்டி, கொடியை 2 அடியாகக் குறைத்துவிடுங்கள். இலைப்பரப்பு குறைந்தால் வேரின் வேலையும் குறையும். மூன்று வாரத்தில் கணுக்களில் புதுத்துளிர் வரவில்லையென்றால் பிடுங்கிவிட்டு அடுத்த வைகாசியில் புதிதாக விதையுங்கள்.

நத்தை, பூச்சி, பூஞ்சை

இங்கே முதல் எதிரி ஆப்பிரிக்க ராட்சத நத்தை. ஆனி மழை தொடங்கியதும் இரவில் வந்து ஒரே நாளில் நாற்றைத் தரையோடு தின்றுவிடும். மாலையில் ஈரச் சாக்கை விரித்து அதன் கீழே பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் தழையும் வைத்தால், இரவில் அங்கே கூடும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புக் கரைசலில் போடுங்கள். வெறுங்கையால் தொடக் கூடாது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணிப் புழு இந்த நத்தைகளில் இருக்கக்கூடும். குழந்தைகளை இந்த வேலைக்கு அனுப்பவே வேண்டாம். வேலை முடிந்ததும் அந்த உப்புநீரைக் கொடிக்கு அருகே கொட்டிவிடாதீர்கள்.

கொழுந்தில் அசுவினி கூடினால் முதலில் நீரைப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள். போகாவிட்டால் 1 லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்பும் கரைத்து மாலையில் தெளியுங்கள். பங்குனி, சித்திரையில் இலை வெளிறிப் புள்ளி விழுந்தால் அடிப்புறத்தில் செம்பேன் இருக்கும். இலையின் அடிப்புறத்தை நாள்தோறும் நீரால் நனைப்பதே அதற்கு நல்ல மருந்து. மழைமாத இலைப்புள்ளிக்கும் வேரழுகலுக்கும் லிட்டருக்கு 20 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தெளித்து, வேரிலும் ஊற்றலாம். வேளாண் அலுவலகமான கிருஷிபவனில் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். பூவைக் குடிக்கவோ சமைக்கவோ எடுப்பவர்கள் கடைகளில் விற்கும் ரசாயனப் பூச்சிமருந்துகளை இந்தக் கொடிக்கு அருகே கொண்டுவரவே கூடாது.

பூவும் பயனும்

விடியலில் விரிந்த பூ அன்று மாலையே சுருங்கிவிடும். காலை 9 மணிக்குள் பறித்தால் நிறம் முழுமையாக இருக்கும். பிஞ்சுக் காய்களைக் கண்டதும் கிள்ளி எறியுங்கள். காய் பிடித்த கொடி விதையை வளர்ப்பதில் சத்தைச் செலவிட்டுப் பூவைக் குறைக்கும்.

வைகாசியில் விதைத்தது ஆவணியில் நிறையப் பூக்கும். ஓணத்தின் அத்தம் நாள் தொடங்கி வாசலில் போடும் பூக்களத்துக்கு நல்ல நீலம் தருவது இந்தப் பூ. வீட்டுப் பூஜைக்கும் இது உகந்தது.

இதழின் நீலம் டெர்நாட்டின் என்ற நிறமிகளால் வருகிறது. ஐந்தாறு பூவை ஒரு கோப்பை வெந்நீரில் போட்டால் நீலமாகும், எலுமிச்சைச் சாறு விட்டால் அமிலத்தால் ஊதாவாக மாறும். மலேசியாவில் கிளந்தானின் நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றுவது இந்தப் பூதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் இதன் சாற்றை உணவு நிறமியாக ஏற்றது. பூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விதையும் வேரும் பேதியாக்கும். கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேட்காமல் பூத்தேநீரும் குடிக்க வேண்டாம்.

உலர்த்துவதுதான் கொச்சியின் ஈரக்காற்றில் சிரமம். பூக்களை மெல்லிய வெள்ளைத் துணிக்கு இடையில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, வெயில் அடிக்கும் அறையில் விசிறிக்குக் கீழே வையுங்கள். விரலில் நொறுங்கும் பதம் வந்ததும் கண்ணாடிக் குப்பியில் இறுக மூடுங்கள். பாதி காய்ந்ததை மூடினால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். மழைமாதப் பூவை உலர்த்த முயலாமல் புதிதாகவே பயன்படுத்துங்கள்.

ஆண்டுக் கணக்கு ஒரே பார்வையில்

சித்திரை: மேடு கட்டுதல், சுண்ணாம்பு கலத்தல்.
வைகாசி: தாழ்வாரத்தில் கோப்பைகளில் விதைப்பு. மேடு மழையில் கழுவப்படட்டும்.
ஆனி: மேட்டில் சாணம் கலத்தல், நாற்று நடவு, நத்தைக் காவல்.
ஆடி: நுனி கிள்ளுதல், தட்டியில் ஏற்றுதல், சூடோமோனாஸ்.
ஆவணி: நிறைந்த பூ.
புரட்டாசி: ஓணம் முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுதல், மண்புழு உரம். இரண்டாம் ஆண்டுக் கொடியானால் ஒன்றரை அடி விட்டு முழுவதும் வெட்டலாம்.
ஐப்பசி, கார்த்திகை: மழைநீர் சேமிப்பு, இரண்டாம் பூப்பருவம், மேட்டுக் கரையைப் பழுதுபார்த்தல்.
மார்கழி முதல் மாசி வரை: வேலியேற்றக் கவனம், உப்பு கழுவுதல், பூ உலர்த்துதல், விதைக்குக் காய் விடுதல்.
பங்குனி: சருகு மூடாக்கு, செம்பேன் கவனம், விதை சேமிப்பு.

உங்கள் முற்றத்துக்கான விதை

சங்குப்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆகவே தாயின் குணம் பிள்ளைக்கு ஏறக்குறைய அப்படியே வரும். இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாத வேலியேற்றத்துக்குப் பிறகு எந்தக் கொடி குறைவாகக் கருகி, சீக்கிரம் துளிர்த்ததோ, அதில் மட்டும் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். அந்தக் கொடியில் பத்துக் காய்களைக் கிள்ளாமல் விடுங்கள். காய் பழுப்பேறி, வெடிப்பதற்கு முன் பறித்து, நிழலில் உலர்த்தி, சிறிது சாம்பல் கலந்து குப்பியில் மூடி வையுங்கள். முற்றிலும் காய்ந்த காய் கொடியிலேயே வெடித்து விதையைச் சிதறிவிடும்.

அடுத்த வைகாசியில் கடை விதைக்கு முன்னால் இந்த விதையை ஊறவையுங்கள். ஆண்டுதோறும் தாங்கியதிலிருந்தே விதை எடுத்து வந்தால், சில ஆண்டுகளில் உங்கள் முற்றத்தின் உப்பையும் ஈரத்தையும் தாங்கும் கொடிகளே மிஞ்சும். பொக்காளி நெல்லும் இப்படித்தான், தாங்கிய கதிரிலிருந்து விதை எடுத்த தலைமுறைகளின் கையால், இந்த நிலத்துக்கு உரியதாயிற்று. ஒரு கொடியின் பத்துக் காய்களில் தெருவுக்கே போதுமான விதை இருக்கும். அடுத்த வீட்டாருக்கு விதை கொடுக்கும்போது மேடு கட்டும் முறையையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.